பங்குமடைக் கடியாரம்

கொல்லம் ஆயிரத்து எண்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம் பதினெட்டு நாள் கழிந்தும் பொதிகையில் சாரல் விழவில்லை. மேகம் மட்டும் தினமும் வந்தது. காலையில் மேற்கே திரண்டு நிற்கும், வெயிலைக் கொஞ்ச நேரம் மறைக்கும், பிறகு ஒரு சொட்டும் போடாமல் கிழக்கே நகர்ந்துவிடும். தாமிரபரணியில் முழங்கால் தண்ணீர். அது கன்னடியன் கால்வாய்க்குள் புகுந்து, அங்கிருந்து செழுவங்குளத்துக் கிளைவாய்க்காலுக்கு வந்து சேரும்போது கெண்டைக்கால் நனைந்தால் பெரிது. நட்டு இருபது நாளான கார் நெல் வயலில் நின்றது.

ஊரில் முறை வைத்துவிட்டார்கள். இன்ன வயலுக்கு இத்தனை நாழிகைத் தண்ணீர், அது முடிந்ததும் அடைத்து அடுத்த வயலுக்குத் திறக்க வேண்டும். நாலு நாளைக்கு ஒருதரம் முறை திரும்பி வரும். சேரமாதேவிக்கு ரயில் வந்து எட்டு வருஷமாகியிருந்தது. ஒன்றரைக் கல் தூரம் கிழக்கே இருந்த செழுவங்குளத்தில் பெண்கள் வண்டி ஊதுவதைக் கேட்டு உலை வைக்கப் பழகியிருந்தார்கள். தண்ணீருக்கு மட்டும் இன்னும் நிழல்தான் கணக்கு.

நிழலை அளப்பவன் மாடக்கண்ணு. ஊருக்கு நீர்பாய்ச்சி. வாய்க்கால் பிரிகிற பங்குமடையில் வெயிலைப் பார்த்து நிமிர்ந்து நிற்பான். தலை நிழல் விழும் இடத்தில் ஒரு சுள்ளியை நட்டு, குதிகாலும் பெருவிரலும் ஒட்ட அடியடியாய் அளப்பான். எட்டடி என்றால் சிவசைலம் பிள்ளையின் முறை முடிந்தது, மூன்றரை அடி என்றால் அம்மையப்ப பிள்ளையின் முறை முடிந்தது என்று கணக்கு. அளந்து முடித்து மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அறுப்பில் அவனுக்குக் கிடைக்கும் நெல்லைவிட அந்த மறுபேச்சில்லாததுதான் அவனுக்குப் பெரிதென்று அவன் பெண்டாட்டி சுடலைவடிவுக்குத் தெரியும்.

அந்த ஆனியில்தான் மறுபேச்சு வந்தது.

அம்மையப்ப பிள்ளை பத்தமடைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கடைமடையில் எட்டு மரக்கால் நெல் விதைக்கிற துண்டு, அவ்வளவுதான் அவர் நிலம். அதில் பயிர் நுனி பழுத்து மஞ்சளாகத் தொடங்கியது. ஒருநாள் காலையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பங்குமடைக்கு வந்தார். சுடலைவடிவும் அவளோடு வேலைக்கு வரும் செல்லக்கிளியும் பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே மாடக்கண்ணு, எனக்கு அஞ்சு நாழிகை. நீ எத்தனை விடுதே?"

"அஞ்சுதான் ஐயா."

"அஞ்சு நாழிகை தண்ணி பாஞ்ச பயிரா அது? மேலமடைக்காரருக்குப் பொங்கி வழியுது. எனக்கு மட்டும் நிழல் சுருங்குதோ?"

மாடக்கண்ணு மடை மண்ணை மண்வெட்டியால் தட்டிக் கெட்டிப்படுத்தினான். வாத்தியார் போன பிறகு செல்லக்கிளி, "ஏன் மைனி, இவுக சொல்லுதது நெசமா?" என்று மெதுவாகக் கேட்டாள். சுடலைவடிவு கோரைப் பூண்டை வேரோடு பிடுங்கி வரப்பில் எறிந்தாள்.

பாதி நிஜம். அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். வாத்தியாருக்கு முந்திய முறை சிவசைலம் பிள்ளையுடையது. சூரியன் உதித்ததிலிருந்து ஏழரை நாழிகை. மூன்று கோட்டை நிலம், ஊரில் பெரிய கை. முறை முடிகிற நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு மடைக்கு வந்து நிற்பார். மேகம் வெயிலை மூடியிருந்தால், "நிழல் இன்னும் வரலையே லே" என்பார். அதட்ட மாட்டார், சிரித்துக்கொண்டே சொல்வார். மாடக்கண்ணுவுக்கு நேரம் ஆகிவிட்டது உடம்பிலேயே தெரியும். ஆனாலும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பான். வெயில் திரும்ப வந்து அளந்து பார்த்தால் நிழல் ஆறடிக்குச் சுருங்கியிருக்கும். மூன்றரை அடி ஆனதும் கோயில் நிலத்து முறை. அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆக, நடுவில் நசுங்குவது வாத்தியார் பயிர்.

அடுத்த முறையன்று அம்மையப்ப பிள்ளையின் மைத்துனன் காந்திமதிநாதன் வந்தான். திருநெல்வேலி ரயில் நிலையத்தில் டிக்கெட் குமாஸ்தா. காலை வண்டியில் ஒரு சுவர்க் கடியாரத்தைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். பங்குமடையின் மருத மரத்தில் ஆணி அடித்து அதை மாட்டினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பித்தளைத் தொங்கட்டான் ஆடியது.

"மேகம் வந்தாலும் வராட்டாலும் இது பொய் சொல்லாது அத்தான்" என்றான் காந்திமதிநாதன். "உங்க முறை ரெண்டு மணி நேரம். பெரிய முள்ளு ரெண்டு சுத்து சுத்தணும்."

களை பறித்தவர்களெல்லாம் இடுப்பை நிமிர்த்திப் பார்த்தார்கள். "உயிர் இருக்குத மாதிரி அடிச்சுக்கிடுதே" என்றாள் செல்லக்கிளி. மடையோரத்துச் சுடலைமாடன் பீடத்துக்கு எதிரே இப்படி ஒன்றை மாட்டலாமா என்று ஒருத்தி கேட்டாள். மாடனுக்கும் மணி தெரிஞ்சிட்டுப் போகட்டும் என்றாள் இன்னொருத்தி. மாடக்கண்ணு ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தன் சுள்ளியை நட்டான்.

சிவசைலம் பிள்ளை அன்று ஊரில் இல்லை. ஒன்பது மணிக்குச் சரியாக வாத்தியார் வயலுக்குத் தண்ணீர் திறந்தார்கள். காந்திமதிநாதன் வேலைக்குத் திரும்பிப் போனான். வாத்தியார் கொஞ்ச நேரம் கடியாரத்தடியில் நின்றார். பிறகு தண்ணீர் வந்து சேர்ந்ததா என்று பார்க்கக் கடைமடைக்கு நடந்தார்.

சுடலைவடிவு மரத்திலிருந்து பத்து முழத் தூரத்தில் குனிந்திருந்தாள். கை களையில் இருந்தாலும் காது கடியாரத்தில் இருந்தது. பிள்ளைமார் வீட்டுப் பின்கட்டில் பதினைந்து வருஷம் நெல் குத்தியவள் அவள். ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தும்போது உலக்கை விழும் சத்தம் சீராக இருக்க வேண்டும். ஒன்று பிந்தினாலும் விரல் நசுங்கும். இந்தக் கடியாரத்தின் சத்தம் சீராக இல்லை. டக் என்று ஒன்று, ஒரு இழுவை, பிறகு டக்டக் என்று அவசரமாய். ஒரு கால் குட்டையான ஆள் நடப்பதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றது. அவள் ஒரு பாத்தி களை பறித்து முடிக்கும்வரை ஒன்றுமில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது வாத்தியார் திரும்பி வந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, தொங்கட்டானை விரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மறுபடி நொண்டிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

மாடக்கண்ணு நிழலை அளந்தான். மூன்றரை அடி. மண்ணை வெட்டி மடையில் போட்டான்.

"நில்லுலே" என்றார் வாத்தியார். "கடியாரத்தில இன்னும் அரை மணி இருக்கு. ஒண்ணேகால் நாழிகை திருடுதே. இத்தனை நாளா இதைத்தான் செஞ்சிருக்கே."

"நிழல் வந்துட்டு ஐயா."

"உன் நிழலு. உன் காலு. நீயே அளந்து நீயே சொல்லுத கணக்கு."

கோயில் நிலத்து ஆட்கள், களை பறிக்கிற பெண்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாடக்கண்ணு மண்வெட்டியைப் பீடத்தின் மேல் சாய்த்து வைத்தான். "வேற ஆளை வச்சுக்கிடுங்க" என்றான். சுள்ளியைப் பிடுங்கி எறியக்கூட இல்லை. வரப்பில் இறங்கி நடந்துவிட்டான்.

அன்று பொழுது சாயும்போது சுடலைவடிவு கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். கருவாடு புன்னக்காயலிலிருந்து தலைச்சுமையாக வருகிற சாளை, அவனுக்குப் பிடித்தது. அவன் தொட்டியடியில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

"நீரு சாப்பிட வாரும். ஆறிப்போவுது."

"திருடன்னுட்டாரு ஏட்டி."

"கேட்டேன்."

"என்னைப் பெத்த ஐயா அளந்தாரு, நான் அளக்கேன். ஒருத்தன் இந்த வார்த்தை சொன்னதில்ல. அந்தப் பெட்டி வந்து தொங்குது, ஒரே நாளில நான் திருடன்."

அவள் எதிரே உட்கார்ந்தாள். "அந்தப் பெட்டி நடுவில நின்னு போச்சு. வாத்தியாரையா தட்டிவிட்டாக. நான் பாத்தேன்."

அவன் நிமிர்ந்தான். "அப்ப ஏன் அங்கன சொல்லல?"

"யாரு கேப்பாக? உமக்காக நான் பொய் சொல்லுதேன்ம்பாக."

"நாளைக்கே கல்லை எடுத்து அதை உடைக்கணும்."

"உடைக்காதேயும்" என்றாள் அவள். இதைச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. "நான் ஒண்ணு சொன்னா கோவப்படப் பிடாது. இன்னைக்கு நீரு சரியாத்தான் அடைச்சீரு. ஆனா மத்த நாளு? பெரிய பிள்ளை குடையோட வந்து நிக்குதாகளே, மேகம் போட்ட நாளு, அப்ப?"

மாடக்கண்ணு காலைக் கழுவுவதை நிறுத்தினான்.

"உமக்கு நேரம் தெரியும். தெரிஞ்சும் வாய் வராது. எனக்கும் வராது. நாம சொன்னா, இவன் என்ன எதுத்துப் பேசுதான்ம்பாக. அந்தப் பெட்டி சொல்லிச்சுன்னு வையும். அது எதுத்துப் பேசுதுன்னு யாரு சொல்ல முடியும்?"

அவன் எழுந்து வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தான். பாதிச் சோற்றைத்தான் தின்றான்.

நாலாம் நாள் காலை வண்டி ஊதியதும் சுடலைவடிவு களைக்குப் போகாமல் சேரமாதேவி வழியில் போய் நின்றாள். காந்திமதிநாதன் தனியாக வந்துகொண்டிருந்தான். அவள் பாதையை விட்டு ஒதுங்கி நின்று, "ஐயா, ஒரு வார்த்தை" என்றாள்.

"யாரு, மாடக்கண்ணு வீட்டுக்காரியா? என்ன?"

"உங்க கடியாரம் நொண்டுது ஐயா."

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "நொண்டுதுன்னா?"

அவள் சாலையோரத்துக் கல்லில் விரல் கணுவால் தட்டிக் காட்டினாள். டக். இழுவை. டக்டக். "இப்படி அடிச்சு அடிச்சு, பொறவு நின்னு போச்சு. வாத்தியாரையா வந்து தட்டிவிட்ட பொறவுதான் ஓடிச்சு. எத்தனை நேரம் நின்னுதுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பாத்தி களை பறிச்சேன்."

பங்குமடைக்கு வந்ததும் காந்திமதிநாதன் கடியாரத்தில் காதை வைத்துக் கேட்டான். நிமிர்ந்து, "மரம் சாஞ்சு நிக்குது. பெட்டி சாஞ்சு தொங்கினா இது இப்படித்தான் நொண்டும், நின்னும் போவும். இதை நான் பார்க்கல" என்றான். பிறகு அங்கே காத்திருந்த அத்தானைப் பார்த்தான். "அத்தான், அன்னைக்கு இது நின்னுதா?"

அம்மையப்ப பிள்ளை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நின்னுது. அப்பத்தான் நின்னிருக்கும்னு நினைச்சுத் தட்டிவிட்டேன்."

"சொல்லலியே?"

"நாந்தான் உடைச்சிட்டேன்னு நீ நினைப்பியேன்னு..."

காந்திமதிநாதன் பனைமட்டைத் துண்டு ஒன்றைச் சீவி, பெட்டிக்கும் மரத்துக்கும் நடுவில் செருகினான். "நீ கேட்டுச் சொல்லு" என்றான் சுடலைவடிவிடம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்றாள். இன்னும் பைய என்றாள். டக், டக், டக், டக். ஒரே சீர்.

"இப்ப சரி ஐயா." காந்திமதிநாதன் வண்டி வந்த நேரத்தை வைத்து முள்ளைத் திருத்தினான்.

வாத்தியார் மாடன் பீடத்துக்குப் போனார். நாலு நாளாய் அவரவர் ஆட்களே மடை வெட்டிக்கொள்ள, அங்கேயே சாய்ந்து கிடந்த மண்வெட்டியைத் தன் கையால் எடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை நடந்து, மாடக்கண்ணு வீட்டு வேலிக்கு வெளியே நின்றார். அவர் அந்தத் தெருவுக்குள் வந்தது அதுதான் முதல்தடவை.

"மாடக்கண்ணு, தப்பு எம் பேர்ல. நீ அளந்ததுதான் சரி. வந்து தண்ணியைத் திற."

மாடக்கண்ணு வெளியே வந்தான். அவர் மண்வெட்டியை வேலியில் சாய்த்து வைத்த பிறகுதான் எடுத்தான். "வாரேன் ஐயா. நிழலை நான் அளப்பேன். அந்தப் பெட்டியை என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

"பொறவு யாரு பார்ப்பா?"

அவர் பின்னாலேயே வந்து நின்ற தன் பெண்டாட்டியை அவன் தாடையால் காட்டினான். "அவ காதுதான் அதுக்கு ஏத்தது."

காந்திமதிநாதன் மரத்தடி மண்ணில் ஒரு வட்டம் கீறி முள்ளு இரண்டையும் போட்டுக் காட்டினான். அவளுக்கு வேண்டிய ரோமன் எண்கள் வெறும் கோடும் பெருக்கல் குறியுமாகத்தான் இருந்தன. அவளுக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. ஒன்பது என்றால் பெருக்கலுக்கு முன்னால் ஒரு கோடு, பதினொன்று என்றால் பின்னால் ஒரு கோடு. அறுப்புக் களத்தில் நெல்கட்டு எண்ணக் கரிக்கோடு போட்டுப் பழகியவள்தான். அன்று கடியாரத்தில் பதினொன்று ஆகி இரண்டு நிமிஷம் கழித்து மாடக்கண்ணுவின் நிழல் மூன்றரை அடிக்கு வந்தது. அன்று ராத்திரிச் சோற்றை அவன் மிச்சம் வைக்காமல் தின்றான்.

கடியாரத்தைப் பார்க்கலாம், தொடக்கூடாது என்பது ஏற்பாடு. சாவி கொடுப்பது வாத்தியார் வேலை.

அடுத்த முறையன்று விடியும்போதே காற்று கிளம்பியது. மேற்கே கருத்துக் கிடந்தது. சிவசைலம் பிள்ளை வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எட்டு மணி சுமாருக்கு மருத மரம் ஆடிய ஆட்டத்தில் பனைமட்டைத் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. களையில் குனிந்திருந்த சுடலைவடிவு நொண்டல் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். வாத்தியார் கடைமடையில் இருந்தார். கூப்பிட்டால் கேட்காது. தொங்கட்டான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தயங்கியது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்தாள். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி, மட்டைத் துண்டை இருந்த இடத்தில் செருகினாள். சீரானதும் கையை எடுத்தாள்.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் சிவசைலம் பிள்ளை குடையோடு வந்தார். வெயில் அடியோடு மறைந்திருந்தது. மாடக்கண்ணு மடையில் நின்றான். வாத்தியாரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"என்ன வே வாத்தியாரே, ஊருக்குத் தண்ணி விட ரயில்காரன் வந்துட்டானாமே" என்று சிரித்தார் பிள்ளை.

"காலத்துக்குத் தகுந்தபடி அண்ணாச்சி."

பிள்ளை மாடக்கண்ணுவைப் பார்த்தார். "நிழல் இன்னும் வரலையே லே."

மாடக்கண்ணு வெறும் தரையைப் பார்த்தான். நிழல் எங்கும் இல்லை. பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, அவருக்குப் பதில் சொல்லாமல் மரத்தின் பக்கம் திரும்பினான்.

"ஏட்டி, நேரம் என்ன?"

"ஒம்பது ஆயிட்டு" என்றாள் சுடலைவடிவு. எல்லாருக்கும் கேட்டது.

பிள்ளையின் கண் கடியாரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. பெட்டியின் ஓரத்தில் ஐந்து விரலும் சேற்றோடு பதிந்திருந்தது.

"இதை யாரு தொட்டா?"

செல்லக்கிளி கையில் இருந்த களையோடு அப்படியே நின்றாள்.

"நான்தான் ஐயா" என்றாள் சுடலைவடிவு. "காத்துல சாஞ்சு நொண்டிச்சு. அப்படியே விட்டா நின்னிருக்கும். அப்ப உங்க முறைதான் ஓடிச்சு ஐயா. நின்னிருந்தா உங்க தண்ணிக்கும் கணக்கு இருந்திருக்காது."

பிள்ளை இடுப்பிலிருந்து சங்கிலியோடு ஒரு பைக்கடியாரத்தை எடுத்தார். அவரிடம் அது இருப்பது ஊரில் பலருக்குத் தெரியாது. மூடியைத் திறந்து பார்த்தார், மரத்தைப் பார்த்தார். ஒன்பதைத் தாண்டி ஒரு நிமிஷம். இரண்டும் ஒன்றையே சொன்னன. இத்தனை நாளும் மேகத்தைக் காட்டி நின்றபோது அது அவர் இடுப்பில்தான் இருந்திருக்கிறது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் அந்த ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். மூடியை மெல்ல மூடினார்.

"அடைலே" என்றார்.

மாடக்கண்ணு மண்ணை வெட்டிப் போட்டான். நாலு வெட்டில் மேலமடை அடைபட்டது. கடைமடை வாயைத் திறந்ததும் தண்ணீர் ஒருகணம் சுழன்றது, பிறகு கீழ்வாய்க்காலில் காய்ந்த சருகை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடியது. சிவசைலம் பிள்ளை போகும்போது கடியாரத்தடியில் ஒரு நிமிஷம் நின்றார். "சேத்தைத் தொடச்சு வையி. மரம் ஆடாம ஒரு கல்தூண் நட்டுரலாம், நான் ஆள் அனுப்புதேன்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் சேற்றுக் கைக்காரி ஒருத்திதான் அங்கே இருந்தாள்.

பதினொன்றுக்குள் மேகம் விலகி வெயில் திரும்பியிருந்தது. கோயில் நிலத்துக்குத் திறந்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் கடைமடைவரை நடந்து போய்ப் பார்த்தார்கள். வாத்தியார் வயலில் வரப்பை ஒட்டித் தண்ணீர் நின்றது. பயிரடியில் மண் வெடிப்பெல்லாம் மூடிக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு வரப்பில் குந்தி உட்கார்ந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கால் சேற்றைக் கழுவினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"அந்தப் பெரிய முள்ளு எங்கன வந்தா ஒரு நாழிகை?"

அவள் ஈர வரப்பில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். தன் நிழல் அதை மறைக்காமல் இருக்க, அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.